ஆல்ஃபா கிட்டை இரண்டடுக்கு ராக்கெட்டாக மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வசிக்கும் ஒரு அப்பாவும் மகளும் எஸ்டெஸ் நிறுவனத்தின் ஆல்ஃபா மாடல் ராக்கெட் கிட்டைக் கட்டிப் பலமுறை பறக்கவிட்டிருக்கிறார்கள். இப்போது அதையே இரண்டடுக்காக்க மகளுக்கு ஆசை. கீழே இன்னொரு டியூபும் ஃபின்களும் (வால் இறக்கைகளும்) ஒட்டினால் போதுமா, வீட்டில் மீதமிருக்கும் சி6-5 மோட்டார்களையே கீழடுக்கிலும் போடலாமா என்று அப்பா கேட்கிறார்.

தாராளமாக மாற்றலாம். ஆல்ஃபா அதற்கு ஏற்ற கிட்தான்: எடை குறைவு, டியூப் நேரானது, உதிரிப் பாகங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் சி6-5 மோட்டாரைக் கீழடுக்கில் போடாதீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

மோட்டாரின் மேல் அச்சிட்ட குறியீட்டில் எழுத்து மொத்தச் சக்தியைக் காட்டும், அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு. ஏ என்றால் 2.5 நியூட்டன்-நொடி வரை, பி என்றால் 5 வரை, சி என்றால் 10 வரை. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டனில். கோட்டுக்குப் பின்னால் வரும் எண், மருந்து எரிந்து முடிந்த பிறகு பாராசூட்டைத் தள்ளும் வெடிமருந்து பற்ற எத்தனை நொடி ஆகும் என்பது. சி6-5 மோட்டாரில் மருந்து முடிந்ததும் 5 நொடிக்குப் புகை மட்டும் வரும். அதற்குப் பிறகுதான் மேல்பக்கம் தீ வரும். அந்த 5 நொடியில் உங்கள் ராக்கெட் வேகமெல்லாம் இழந்து, தலைகீழாகத் திரும்பக்கூடத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் மேலடுக்கு பற்றினால் அது நேரே தரையை நோக்கித்தான் பாயும்.

கீழடுக்குக்கு என்றே செய்த மோட்டார்களில் கடைசி எண் 0 இருக்கும்: பி6-0, சி6-0, டி12-0. ஒரு பி6-0 மோட்டாரையும் ஒரு பி6-4 மோட்டாரையும் பக்கத்தில் வைத்துத் தலைப்பக்கம் பாருங்கள். பி6-4இல் களிமண் மூடி தெரியும். பி6-0இல் மூடி கிடையாது, உள்ளே இறுக்கி அழுத்திய கருமருந்தின் மேற்பரப்பே தெரியும். இந்த மருந்து சிகரெட் போல ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எரிந்துகொண்டே போகும். கடைசியில் மெல்லிய தட்டாக மிஞ்சும்போது, உள்ளே இருக்கும் அழுத்தம் அதை உடைத்துக்கொண்டு மேலே பாயும். சூடான வாயுவும் எரியும் மருந்துத் துணுக்குகளும் நேரே மேல் மோட்டாரின் நாசிலுக்குள் (வாயு வெளியேறும் துளைக்குள்) புகுந்து அதைப் பற்றவைக்கும். பேட்டரி வேண்டாம், சர்க்யூட் வேண்டாம். இரண்டு அட்டைக் குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து செய்யும் வேலை இது. இந்த ஹாபியில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

மீதமிருக்கும் சி6-5 மோட்டாரின் மூடியைச் சுரண்டி எடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கூடவே கூடாது. அழுத்தி நிரப்பிய கருமருந்தில் ஒரு சின்ன விரிசல் விழுந்தாலும் எரியும் பரப்பு ஒரேயடியாகக் கூடி மோட்டார் வெடித்துவிடும். அமெரிக்காவின் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு விதியும் சான்று பெற்ற மோட்டாரை எந்த விதத்திலும் மாற்றக் கூடாது என்றுதான் சொல்கிறது. இதே காரணத்துக்காக, வெயிலில் நின்ற காரில் நாள்கணக்கில் கிடந்த மோட்டாரையும் இரண்டடுக்கில் போடாதீர்கள். சூடும் குளிருமாக மாறி மாறிப் பட்டாலும் உள்ளே விரிசல் விழும்.

சரி, இப்போது வடிவமைப்பு. நீங்கள் ஒரு ராக்கெட்டைப் பெரிதாக்கவில்லை, இரண்டு ராக்கெட்டுகளை வடிவமைக்கிறீர்கள். முதல் ராக்கெட், இரண்டு அடுக்கும் சேர்ந்த முழு உருவம். இரண்டாவது, கீழடுக்கு கழன்ற பிறகு தனியாகப் போகும் மேலடுக்கு. இரண்டும் தனித்தனியாக நிலைத்தன்மையோடு பறக்க வேண்டும். மேலடுக்கு நீங்கள் ஏற்கெனவே பறக்கவிட்ட ஆல்ஃபாதான், அதில் பிரச்சினை இல்லை. சேர்ந்த உருவம்தான் சோதனை.

முதலில் மேலடுக்கில் செய்ய வேண்டிய மாற்றம். ஆல்ஃபாவில் மோட்டார் விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு உலோகக் கொக்கி உண்டு. அதன் வளைந்த நுனி மோட்டாரின் அடியில் வந்து நிற்கும். இரண்டு மோட்டார்களும் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார வேண்டிய இடத்தில் அந்த நுனி இடைஞ்சல். அதனால் ஏற்கெனவே கட்டிய ஆல்ஃபாவை வெட்டிக்கொண்டிருப்பதைவிட, புது கிட் ஒன்று வாங்கிக் கொக்கியில்லாமல் கட்டுங்கள். அதிலும் இரண்டு மாற்றங்கள். மோட்டார் குழாயை வழக்கத்தைவிட ஒரு 12 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். அப்போதுதான் பூஸ்டரின், அதாவது கீழடுக்கின், கப்ளர் (இரண்டு டியூபையும் இணைக்கும் சிறு குழாய்) நுழைய இடம் இருக்கும். மோட்டார் தன் குழாயிலிருந்து ஒரு 6 மில்லிமீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி மேலே தடுப்பு வளையத்தை வையுங்கள்.

பூஸ்டருக்கு அதே அளவு டியூப் வேண்டும். ஆல்ஃபாவின் உடல் எஸ்டெஸ் கணக்கில் பிடி-50, வெளிவிட்டம் 24.8 மில்லிமீட்டர். அதில் 7 சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டால் போதும், மோட்டாரின் நீளமே 70 மில்லிமீட்டர்தான். இதைவிட நீளமாக்க ஆசைப்படாதீர்கள். கழன்று விழும் பூஸ்டருக்குப் பாராசூட் கிடையாது, உருண்டு புரண்டு விழுவதுதான் அதன் வேகத்தைக் குறைக்கும். குட்டையாக இருந்தால்தான் அப்படிப் புரளும், நீண்ட பூஸ்டர் நேராகக் குத்திக்கொண்டு இறங்கும். மேல் விளிம்பில் பிடி-50 கப்ளரைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி ஒட்டுங்கள். கப்ளரின் உள்பக்கம் மர கோந்தை மெல்லிசாகப் பூசிக் காயவிட்டால், மேல் மோட்டாரின் தீப்பிழம்பு படும்போது அட்டை சீக்கிரம் கருகாது.

பூஸ்டருக்குள் மோட்டாருக்கு மேலே தடுப்பு வளையம் எதுவும் வைக்கக் கூடாது. கிட் கட்டிய பழக்கத்தில் கை தானாக வைத்துவிடும், கவனம். கீழ் மோட்டார் மேல் மோட்டாரை நேரடியாக முட்டித் தள்ள வேண்டும், மேல் மோட்டார் தன் தடுப்பு வளையத்தின் வழியாக முழு ராக்கெட்டையும் தள்ளும். பூஸ்டர் உடல் சும்மா கூட வருகிறது, அவ்வளவுதான்.

மோட்டார்களை இணைக்கும் இடத்தில் அவசரம் வேண்டாம். இரண்டையும் மேசைமேல் படுக்கவைத்து, கீழ் மோட்டாரின் தலையும் மேல் மோட்டாரின் நாசில் பக்கமும் இடைவெளியே இல்லாமல் ஒட்டும்படி வையுங்கள். சேருமிடத்தைச் சுற்றிச் செல்லோடேப் ஒரே ஒரு சுற்று, நுனி கொஞ்சம் மேலேறினால் போதும். மாஸ்கிங் டேப் இங்கே வேண்டாம். செல்லோடேப் என்றால், மேல் மோட்டார் பற்றிய நொடியே சூட்டில் இளகி விட்டுவிடும். மாஸ்கிங் டேப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதே சமயம் டேப்பே இல்லாமல் விட்டால், மருந்துத் தட்டு உடையும் அழுத்தத்தில் இரண்டு அடுக்கும் பிரிந்து, தீ உள்ளே போவதற்குள் பூஸ்டர் கழன்றுவிடும். மேல் மோட்டாரின் நாசில் துளையில் களிமண் துகள் ஏதாவது அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அதற்குள் இக்னைட்டரோ பஞ்சோ தாளோ எதுவும் வைக்காதீர்கள். இப்போது மேல் மோட்டாரைச் சுற்றி மாஸ்கிங் டேப் போட்டு, இழுத்தால் வராத அளவுக்கு இறுக்கமாக மேலடுக்கில் செருகுங்கள். கீழ் மோட்டாருக்கும் அப்படியே டேப் சுற்றி, பூஸ்டரைக் கீழிருந்து ஏற்றிக் கப்ளரைப் பொருத்துங்கள். கப்ளர் மட்டும் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ராக்கெட்டை மூக்கைப் பிடித்துத் தூக்கினால் பூஸ்டர் விழக் கூடாது, மெதுவாக இழுத்தால் கப்ளர் கழல வேண்டும்.

அடுத்து நிலைத்தன்மை. எடை மையத்துக்குக் குறைந்தது ஒரு டியூப் விட்ட அளவு பின்னால் அழுத்த மையம் (காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளி) இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மோட்டாரோடு மேலடுக்கு 48 கிராம், அதன் எடை மையம் மூக்கு நுனியிலிருந்து 20 சென்டிமீட்டரில். மோட்டாரோடு பூஸ்டர் 32 கிராம், அதன் மையம் 34.5 சென்டிமீட்டரில். 48-ஐ 20-ஆல் பெருக்கினால் 960, 32-ஐ 34.5-ஆல் பெருக்கினால் 1104. கூட்டி 80-ஆல் வகுத்தால் 25.8. எடை மையம் ஒரேயடியாக ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் பின்னால் போய்விட்டது, அதாவது இரண்டு விட்டத்துக்கும் மேல்! முழு ராக்கெட்டின் அழுத்த மையம் இப்போது குறைந்தது 28.3 சென்டிமீட்டரில் இருந்தாக வேண்டும். ஆல்ஃபாவின் ஃபின் அளவிலேயே பூஸ்டருக்கும் வெட்டினால் பல நேரம் போதாது. பூஸ்டரின் ஃபின்கள் மேலடுக்கின் ஃபின்களைவிட வெளியே அதிகம் நீண்டிருக்க வேண்டும், அப்போதுதான் மேல் ஃபின்கள் கலைத்துவிட்ட காற்றைத் தாண்டிச் சுத்தமான காற்று படும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். கோந்தும் பெயின்ட்டும் கூடினால் கணக்கு மாறும்.

அழுத்த மையத்தைக் கணக்கிட, நாசாவில் பணிபுரிந்த ஜேம்ஸ் பாரோமன் 1960-களில் மாடல் ராக்கெட் ஆட்களுக்காக எளிமையாக்கித் தந்த சமன்பாடுகள் இருக்கின்றன. கையால் போட உங்கள் மகளுக்குப் பொறுமை இருந்தால் போடட்டும், இயற்கணிதம் தெரிந்தால் போதும். இல்லையென்றால் ஓப்பன்ராக்கெட் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். ஹெல்சிங்கியில் சாம்போ நிஸ்கானென் தன் முதுநிலை ஆய்வேட்டுக்காக 2009-இல் எழுதிய நிரல் அது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் இரண்டு அடுக்கும் சேர்ந்த நிலையிலும், பூஸ்டரை நீக்கிவிட்டும், இரண்டு முறை நிலைத்தன்மையைப் பாருங்கள். பிறகு நிஜ ராக்கெட்டை மோட்டார்களோடு ஒரு விளிம்பில் வைத்து எடை மையத்தைக் கண்டுபிடித்து, திரையில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் நிஜத்தில் அளந்த எண்ணையே மென்பொருளில் போடுங்கள்.

அப்படியானால் ஃபின்களை இன்னும் பெரிதாக வெட்டி நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஃபின் பெரிதாகப் பெரிதாக ராக்கெட் காற்று வரும் திசைக்குத் திரும்பும். ஓரடுக்கு ராக்கெட் கொஞ்சம் சாய்ந்தால் தூரமாகப் போய் விழும், நடந்து போய் எடுத்து வரலாம். இரண்டடுக்கு ராக்கெட் சாய்ந்த பிறகு இரண்டாவது மோட்டார் பற்றினால், அது சாய்ந்த திசையிலேயே முழு வேகத்தோடு போகும். அதனால் ஒரு விட்டத்திலிருந்து ஒன்றரை விட்டம் வரை வித்தியாசம் இருந்தால் போதும், அதற்குமேல் கூட்டாதீர்கள். மணிக்கு 20 மைல் காற்று வரை ஏவலாம் என்று பாதுகாப்பு விதி சொன்னாலும், இரண்டடுக்குக்கு மரத்தின் இலை லேசாக அசையும் காற்றே போதுமான எல்லை என்பது என் கருத்து. காலை நேரத்தில் போங்கள்.

மோட்டார் தேர்வும் இதோடு சேர்ந்ததுதான். முதல் பறப்புக்குக் கீழே பி6-0, மேலே ஏ8-5. சி6-0 மோட்டாரில் சக்தி அதிகம் என்பது உண்மை. ஆனால் அது தொடக்கத்தில் 14 நியூட்டன் வரை ஏறிவிட்டு, பிறகு நாலரை நியூட்டன் அளவில் நிதானமாக எரியும், மொத்தம் 1.8 நொடி அளவுக்கு. பி6-0 சுமார் 0.8 நொடியில் முடிந்துவிடும். முதல் அடுக்கு எவ்வளவு நேரம் எரிகிறதோ, அவ்வளவு நேரம் ராக்கெட்டுக்குச் சாய வாய்ப்பு இருக்கிறது. புதிதாகக் கட்டிய உருவத்துக்குக் குறுகிய உதைதான் நல்லது. தவிர, உயரம் குறைவாக இருந்தால் அடுக்கு பிரிவதை உங்கள் மகள் கண்ணால் பார்க்க முடியும், அதற்காகத்தானே இவ்வளவும்.

பி6-0, சி6-0 இரண்டுக்கும் எஸ்டெஸ் தரும் ஏவு எடை வரம்பு 113 கிராம். நம் 80 கிராம் அதற்குள் இருக்கிறது. ஆனால் வரம்பை நெருங்க வேண்டாம், ஏவுகம்பியை விட்டு வெளியேறும்போது நொடிக்கு 13 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் ஃபின்கள் வேலை செய்யும். பூஸ்டர் ஃபின்களைத் தடித்த பால்சாவில் வெட்டாமல் 2.4 மில்லிமீட்டர் பலகையில், நார் முன்விளிம்புக்கு இணையாக ஓடும்படி வெட்டுங்கள். ஏவுகம்பி நுழையும் சிறு குழாயை மேலடுக்கில் ஒன்று, பூஸ்டரில் ஒன்று என்று ஒரே நேர்கோட்டில் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கம்பியிலேயே இறுகிக்கொள்ளும்.

என்ன தவறு நடக்கலாம் என்பதையும் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மிக மோசமானது, மேல் மோட்டார் பற்றாமல் போவது. பாராசூட்டைத் தள்ளும் மருந்து அந்த மேல் மோட்டாருக்குள்தான் இருக்கிறது. அது பற்றவில்லையென்றால் பாராசூட்டும் வராது. ராக்கெட் மூக்கு முன்னால் இருக்க நேரே கீழே பாயும். மேலடுக்கு இலேசாக இருப்பதும், மூக்கில் எடை சேர்க்காமல் இருப்பதும் இதற்காகவும்தான் முக்கியம். ஏவும்போது எல்லோரும் நின்றபடி, வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து போனில் படம் பிடிக்கக் கூடாது. அப்படி விழுந்த ராக்கெட்டை உடனே ஓடிப்போய்த் தொடவும் கூடாது, உள்ளே பற்றாத மோட்டார் இருக்கிறது. கொஞ்ச நேரம் விட்டு, பெரியவர் ஒருவர் போய் எடுக்கட்டும்.

மைதானத்தின் அளவை இரண்டு மோட்டார்களின் மொத்தச் சக்தியைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பி-யும் ஏ-யும் சேர்ந்தால் சி வகுப்பு, குறைந்தது 400 அடிக்கு 400 அடி மைதானம். இரண்டு சி என்றால் டி வகுப்பு, 500 அடி. இது விதி சொல்லும் குறைந்தபட்சம். இரண்டு சி-யோடு ஏவுவதானால் அதைப்போல இரு மடங்கு பெரிய இடம் தேடுவேன், ஏனென்றால் ஆல்ஃபா ஒரே சி-யிலேயே 300 மீட்டர் அளவுக்கு ஏறக்கூடியது. கிட்டோடு வரும் பாராசூட்டை எடுத்துவிட்டு நீளமான ரிப்பன் ஒன்று கட்டினால் காற்றில் அடித்துக்கொண்டு போகாது. ஊரில் ராக்கெட் கிளப் இருந்தால் அவர்கள் ஏவும் நாளில் போவது எல்லாவற்றையும்விட நல்லது, இடமும் கிடைக்கும், அனுபவசாலி ஒருவர் பார்த்தும் சொல்வார்.

உயரம்தான் குறி என்றால் இரண்டடுக்கு தேவையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிடி-50 டியூபின் உள்விட்டம் 24 மில்லிமீட்டர் மோட்டாருக்குச் சரியாகப் பொருந்தும். ஆல்ஃபாவின் உள்குழாயை நீக்கிவிட்டு டி12 மோட்டாரை நேரடியாகப் போட்டால், இரண்டு சி-க்குச் சமமான வகுப்பு ஒரே மோட்டாரில் கிடைக்கும், பழுதாக வாய்ப்புள்ள இடங்களும் குறையும். பி எஸ் எல் வி, சாட்டர்ன் 5 போன்ற பெரிய ராக்கெட்டுகளுக்கு அடுக்கு இல்லாமல் வழியில்லை. நம் அளவில் அது விருப்பம்தான். ஆனால் எரிந்து முடிந்த எடையை வழியிலேயே கழற்றிவிட்டுப் போவது என்ற யோசனை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் கட்டிப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. உங்கள் மகள் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன், அதனால் டி12 பக்கம் போகாமல் இரண்டடுக்கையே கட்டுங்கள்.

மூன்றடுக்கு, இரண்டு மோட்டாருக்கு இடையே நீண்ட குழாய் விடுவது, இதெல்லாம் பிறகு. குழாய் விடும்போது மட்டும், உள்ளே அடைபட்ட காற்று அழுத்தப்பட்டு அடுக்குகளை முன்கூட்டியே பிரித்துவிடும் என்பதால், மேல் மோட்டாருக்குச் சற்றுக் கீழே 6 மில்லிமீட்டர் அளவில் எதிரெதிரே இரண்டு துளை போட வேண்டும். காம்போசிட் மோட்டார்களை (கருமருந்து அல்லாத வேறு வகை) இந்த வழியில் பற்றவைக்கவே முடியாது. அவற்றுக்கு மின்னணுக் கருவி வேண்டும், அது வேறு படிப்பு.

இன்னொன்று. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பாட்டிக்குக் காட்டலாம் என்று மோட்டார்களைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானத்தில் அவற்றுக்கு அனுமதி கிடையாது. இந்தியாவில் வெடிபொருள் சட்டமும் குறுக்கே நிற்கும். ராக்கெட்டை மட்டும் கொண்டுபோய், பறந்த வீடியோவைக் காட்டுங்கள். தீபாவளி ராக்கெட் மருந்தைப் பிரித்து நிரப்பிப் பார்க்கலாம் என்று யாராவது மாமா சொன்னால் மறுத்துவிடுங்கள்.

முதல் பறப்பு முடிந்ததும் பூஸ்டரைத் தேடி எடுத்துக் கப்ளரின் உள்பக்கத்தைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அடுக்குகள் நேராகப் பிரிந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தால் கப்ளர் எங்கோ இறுக்கமாக இருக்கிறது என்று பொருள், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யுங்கள். விளிம்பு பிய்ந்திருந்தால் புது கப்ளர் ஒட்டுங்கள். அதெல்லாம் சரியாக இருந்து, ஏறிய பாதையும் நேராக இருந்தால், அடுத்த முறை மேலே பி6-6 போடலாம். சி6-0, சி6-7 ஜோடியை அதற்கும் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.